துவைக்காத துணி

அந்த வீட்டின் பின்னறைக் கதவுக்கு அடிப்பாகம் இல்லை.

சாமான்களை எல்லாம் இறக்கி வைத்து, லாரிக்காரர்கள் போன பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். மற்ற கதவுகள் தரையை உரசிக்கொண்டு நிற்க, இது மட்டும் ஒரு தட்டு நுழையும் உயரத்துக்குக் கீழே ரம்பத்தால் அறுக்கப்பட்டிருந்தது. அறுத்த விளிம்பைக்கூட யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள். மேலே தடிமனாக வெள்ளைப் பெயிண்ட். தாழ்ப்பாள் உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம் இருந்தது, அவளே கையை உயர்த்தித் தொடவேண்டிய உயரத்தில்.

"முன்னால இருந்தவங்க ஏதோ வளத்தாங்க," என்றார் மாற்றுச் சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர். அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

"என்ன வளத்தாங்க? நாயா, பூனையா?"

"நான் கேக்கலம்மா. சத்தம் வராம வெச்சிருந்தாங்க. எனக்கு அது போதும்."

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு அறைக்குத்தானே அவள் அலைந்துகொண்டிருந்தாள்! சின்ன அறை, உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல், வெளியே தாழ்ப்பாள், தட்டுத் தள்ள வசதியாக ஒரு சந்து. அளவெடுத்துச் செய்து வைத்தது போலிருந்தது.

பழைய வீடு இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்த வந்த எந்திரம், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமையலறைச் சுவரைக் கடித்துத் தின்றது. அன்றிலிருந்து குழந்தை அழுகிறது. எல்லோரும் குட்டி என்று கூப்பிடும் அந்த நாலு வயசுப் பெண், புது வீட்டின் ஒவ்வொரு மூலையையும் பார்த்து, "நம்ம வீட்டுக்குப் போலாம்மா," என்று தேம்பினாள். நாய் மண்டு, பெயருக்கு ஏற்ற மண்டு, வந்த மறுநாளே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், இடிந்த செங்கல் குவியலின் மேல் காவல் உட்கார்ந்திருந்தது. பூனை சீமாட்டி சாக்குப் பைக்குள்ளேயே சுருண்டு, தண்ணீர்கூடத் தொடவில்லை. வீட்டில் இருந்த மூன்று உயிர்களுக்கும் ஒரே நோய். கணவன் லாரியோடு எங்கோ தொலைதூரச் சாலையில் இருந்தான். மூன்றையும் பழக்கவேண்டியவள் அவள் ஒருத்திதான்.

வீடு மாறும் முன்பே, கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடும் கம்பவுண்டர்தான் வழி சொல்லியிருந்தார். மனிதர்களைவிட மாடுகளோடு அதிகம் பேசிப் பேசிக் குரலே அப்படி ஆகிவிட்ட ஆள்.

"ஏம்மா, அதுங்களுக்குக் கண்ணு, காது எல்லாம் அப்புறம். மூக்குதான் எல்லாம். பூனையை ஒரு சின்ன ரூம்ல போட்டுத் தாழ் போடு. அழும். கழுத்தை நெரிக்கிற மாதிரி கத்தும். திறந்துடாதே. அழட்டும், அழுது ஓஞ்சிடும். ஓஞ்சாத்தான் பழகும். சாப்பாட்டைக் கதவுக்கு அடியில தள்ளிவிடு. ஒரு துணியால அதோட கன்னத்தைத் தேய்ச்சு அந்தத் துணியைச் சுவத்து மூலையில எல்லாம் பூசு. அப்புறம் வீடு அதுக்குச் சொந்தம்."

"நாய்க்கு?"

"நாய்க்கு நீதான் வீடு. நீ போட்ட துணி இருக்கு பாரு, துவைக்காத துணி, அதை அங்கங்க போட்டு வை. நைட்டி, தலையணை உறை, எதுவானாலும் சரி. நீ வேலைக்குப் போனாலும் உன் வாசனை வீட்ல இருக்கணும். வாசனை இருந்தா நீ இருக்கேன்னு அர்த்தம்."

"அப்ப நான் எதுக்கு?"

"சோறு வைக்க," என்றார் கம்பவுண்டர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அபூர்வமாகச் சிரிக்கிறவள்.

அவள் வேலை செய்த இடத்தில் அவளுக்குப் பெயர் ஊமைச்சி. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சலவைக் கூடம்; ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மலை மலையாகப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கும். அவள் இஸ்திரி மேசையில் நிற்பாள். நாள் முழுக்க நீராவி முகத்தில் அடிக்கும், பிளீச்சின் காட்டம் தொண்டையில் உட்காரும், சோப்புத் தண்ணீர் நகக்கண்ணுக்குள் புகுந்து தோலை வெளுக்கும். வலது மணிக்கட்டில், சேர்ந்த புதிதில் இஸ்திரிப் பெட்டி பதிந்த தழும்பு ஒன்று, சொரசொரப்பாக, படகு வடிவத்தில். "ஊமைச்சியை மோந்து பாருங்கடி, இவளை இன்னொரு தடவை துவைக்கவே வேணாம்," என்று மேஸ்திரி சொன்னால் மேசை முழுக்கச் சிரிக்கும். அவளும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பாள்.

பூனையைப் பின்னறையில் போட்டுத் தாழ் போட்டாள்.

கம்பவுண்டர் சொன்னது பொய்யில்லை. சீமாட்டியின் கத்தல் முதலில் பூனைக் கத்தலாக இருந்தது, பிறகு கைக்குழந்தையின் அழுகை போலாயிற்று, பிறகு எதுவென்றே சொல்ல முடியாத, வயிற்றிலிருந்து கிளம்பி வரும் ஒரு நீண்ட இழுப்பாகி, சுவரைத் தொட்டு, பாத்திரங்களைத் தொட்டு, படுக்கைக்குள்ளும் வந்து படுத்துக்கொண்டது. குட்டி ஓடிப்போய்க் கதவைத் தன் சின்னக் கையால் தட்டினாள்.

"அம்மா, திறம்மா! அது பாவம்மா!"

"அழட்டும். அழுது ஓஞ்சிடும். நீ கதவுகிட்ட போகக் கூடாது."

"உள்ள இருட்டா இருக்கும்மா!"

அவளுக்கு அன்று கால் வலி, தலைவலி. குட்டியின் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். சத்தம் பெரிதாகக் கேட்டது. குட்டி அழவில்லை, அடிபட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கதவின் அடிச் சந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே பூனையும் சட்டென்று நிறுத்திவிட்டது. அந்த அமைதியில், அறைக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது போல அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான். அப்புறம் பூனை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

படுக்கும் முன், மனசு கேட்காமல், தான் கழற்றிய நைட்டி ஒன்றைக் குட்டியின் தலைமாட்டில் சுருட்டி வைத்தாள். நாய்க்கு ஒன்று வைத்தாயிற்று, பூனைக்கு ஒன்று வைத்தாயிற்று, பெற்ற பிள்ளைக்கு வைக்கக் கூடாதா? குட்டி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கினாள். வீடு மாறிய பின் முதல் முறையாக விசும்பல் இல்லாத தூக்கம்.

கம்பவுண்டர் சொன்ன வழி பலித்தது. சில நாட்களில் பூனை அடங்கியது. கதவடிச் சந்தில் தட்டைத் தள்ளினால் ஒரு பாதம் வந்து தட்டை இழுத்துக்கொள்ளும். கதவைத் திறந்துவிட்ட அன்று சீமாட்டி வால் நுனியை ஆட்டியபடி வெளியே வந்து, கூடத்துச் சுவர் மூலையில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, சோபாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் பின்னறைக்குள் மட்டும் திரும்ப நுழையவே இல்லை. அந்த வாசலைக் கடக்கும்போது எதிர்ச்சுவரை ஒட்டிக்கொண்டு, வயிறு தரையில் பட நடந்தது.

மண்டுவும் பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஓடுவதில்லை.

துணிகள்தான் காணாமல் போயின.

பின்னறையில் விரித்த பழைய பாவாடை. கூடத்தில் நாய்க்குப் போட்ட சட்டை. தலையணை உறை. சீப்பில் சுருட்டி வைத்திருந்த முடிக்கற்றைகூட. நாய்தான் கவ்விக்கொண்டு போய் எங்காவது புதைக்கிறது என்று நினைத்து, செருப்பை எடுத்து மண்டுவை இரண்டு போட்டாள். அது கத்தவில்லை. அடிக்கிற அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து, வாலை மெதுவாக ஆட்டியது. வீட்டு ஆள் வந்தால் ஆட்டுமே, அப்படி.

திரும்பிப் பார்த்தாள். பின்னறை வாசல். திறந்திருந்த கதவு. வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்குத்தான் சுவரைப் பார்த்தாள். பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை அவள் பூசியதெல்லாம் கணுக்கால் உயரத்தில். அங்கே லேசான அழுக்குக் கோடுகள் இருந்தன. ஆனால் அதற்கு மேலே, வெகு மேலே, எல்லா மூலைகளிலும், கதவு நிலைகளிலும், சமையலறை அலமாரியின் விளிம்பிலும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இன்னொரு கோடு ஓடியது. எட்டிப் பார்க்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். நேராக நின்று முகத்தைத் திருப்பினால் அவள் கன்னம் படும் உயரம். மூக்கை அருகே கொண்டுபோனாள். அவளுடைய தலை எண்ணெய். அவளுடைய கழுத்து வியர்வை. தூங்கி எழுந்ததும் தன் தலையணையில் வரும், வேறு யாருக்கும் தெரியாத அந்தப் புளித்த மணம். சலவைக் கூடத்தில் சேர்ந்த பிறகு தன் உடம்பில் அவள் உணர்ந்தே இராத மணம்.

அன்று மாலை நாத்தனாரிடம் கேட்டாள். கணவனின் தங்கை, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பகல் முழுக்கக் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பவள், அவள் வேலையிலிருந்து வரும் வரை குட்டியைப் பார்த்துக்கொள்ள வருவாள். வாயாடி.

"நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாராவது வந்தாங்களாடி?"

"உங்களைத் தவிர யாரு அண்ணி வரப்போறா? இந்த வீட்டுக்குப் பால்காரனே வர மாட்டேங்கறான்."

"நானா?"

"மத்தியானம் வந்துட்டுப் போனீங்களே. நான் அசந்து தூங்கிட்டேன், திட்டுவீங்கன்னு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நீங்க திட்டல. தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போனீங்க." அவள் கண்ணடித்தாள். "அதிசயமா இருந்துச்சு அண்ணி. மழை வந்தாலும் வரும்னு நினைச்சேன்."

"மூஞ்சியைப் பாத்தியா?"

"கண்ணைத்தான் மூடிக்கிட்டேனே. உங்க வாசனைதான் தெரியுதே, பக்கத்துல வந்தா."

ராத்திரி கணவனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வார்த்தைகள் முன்னுக்குப் பின்னாக வந்தன. மறுமுனையில் எஞ்சின் உறுமியது.

"ஏய், நீ என்ன, உன் வாசனைக்கே பயப்படறியா?" என்று சிரித்தான். "வந்தா வந்துட்டுப் போகட்டும். அவளாவது என்கிட்ட நாலு வார்த்தை நல்லாப் பேசறாளான்னு பாப்போம்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து துணி எதையும் வெளியே விடவில்லை. கழற்றியதை அப்படியே பையில் போட்டுச் சலவைக் கூடத்துக்கு எடுத்துப்போய்க் கொதிக்கும் தண்ணீரில் அலசினாள். சுவர்களைப் பிளீச் போட்டுக் கழுவினாள். கன்ன உயரத்துக் கோடு போய்விட்டது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி நெடி. குட்டியின் தலைமாட்டிலிருந்த நைட்டியை எடுக்கப் போனபோது குழந்தை அதை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. அதையும் பிடுங்கித் துவைத்துப் போட்டாள்.

அது அவள் செய்த தப்பு. வாசனைதான் அந்த வீட்டின் பூட்டு, சாவி எல்லாம். தன்னிடமிருந்த கடைசிச் சாவியைத் தானே துவைத்துப் போட்டுவிட்டாள். காணாமல் போன துணிகளை எடுத்துக்கொண்ட கை தன்னிடமிருந்ததைத் துவைக்கவில்லை.

குட்டி இப்போது அழுவதே இல்லை. பழைய வீட்டைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அவள் வேலை முடிந்து வந்தால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை, இப்போது கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தது. ஒரு நாள் தூக்கினாள். குட்டி அவள் கழுத்தருகே மூக்கை வைத்து, உறிஞ்சி, முகத்தைச் சுளித்து, இரண்டு கைகளாலும் நெஞ்சைத் தள்ளினாள்.

"விடு. நீ சோப்பம்மா."

"என்னது?"

"நீ சோப்பம்மா. வீட்டம்மா வேற."

அவள் குழந்தையைத் தரையில் இறக்கினாள். "வீட்டம்மா எப்படி இருப்பாங்க?"

"உன்னை மாதிரிதான்." குட்டி அவளுடைய மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது மட்டும் இல்ல. அவங்க கை வழவழன்னு இருக்கும். அடிக்க மாட்டாங்க. எனக்கு ஒவ்வொரு ரூமாக் காட்டினாங்க."

"எந்த ரூம்டா கண்ணு?"

குட்டி பூனையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதைத் தடவியபடி, விருந்தாளியிடம் கேட்பது போல அவளிடம் கேட்டாள்: "நீ எப்போ போவே?"

இந்த வீடு வேண்டாம். எதுவும் எடுக்க வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஒரு வாடகை அறைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் முழுக்க இஸ்திரி மேசையில் இதையே நினைத்துக்கொண்டு நின்றாள். ஒரு விரிப்பு கருகிப் புகைந்தது. மேஸ்திரி கத்தினான். அவள் காதில் விழவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கே தெரு இருட்டியது. வாசல் கேட்டருகே நாத்தனார் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"அண்ணி, இப்பத்தானே உள்ள இருந்து சொன்னீங்க? 'நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்'னு? அதுக்குள்ள எப்படி வெளிய வந்தீங்க? பின்னால வழி இருக்கா?"

"குட்டி எங்கடி?"

"உங்ககூடத்தானே இருந்தா, பின்னாடி ரூம்ல. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க… அய்யோ, பஸ்சு! நாளைக்குப் பேசறேன் அண்ணி!" குடையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வாயாடி ஓடினாள். நில் என்று கூப்பிட இவள் வாயைத் திறந்தாள். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டுப் பழகாத தொண்டை. வெறும் காற்றுதான் வந்தது. பஸ் போய்விட்டது.

பின்னால் வழி இல்லை. அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான்.

உள்ளே விளக்கு எரியவில்லை. சுவிட்சைத் தட்டினாள். கரண்ட் இல்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் கூடம் இருட்டாக, வெதுவெதுப்பாக, யாரோ வெகுநேரம் படுத்திருந்து இப்போதுதான் எழுந்துபோன படுக்கை போலிருந்தது. பிளீச் நெடி போன இடம் தெரியவில்லை. தலை எண்ணெய். வியர்வை. தூக்கத்தின் புளிப்பு. வீடு முழுக்க அவள். நிலைப்படியில் ஈரத்தோடு நின்ற அவள் மட்டும் சோப்பு.

மண்டு எழுந்து நின்றது. அவளைப் பார்த்து உறுமியது. கழுத்து மயிர் சிலிர்த்து, பல் தெரிய, அந்நிய ஆளைப் பார்த்து உறுமும் உறுமல்.

"மண்டு. நான்தாண்டா."

உறுமல் ஏறியது. சோபாவின் மேல் சீமாட்டி முதுகை வளைத்துச் சீறியது.

அப்போதுதான் அழுகை கேட்டது. பின்னறையிலிருந்து. பழைய வீட்டுக்காகக் குட்டி அழுவாளே, அதே விசும்பல். "அம்மா, திறம்மா. உள்ள இருட்டா இருக்கும்மா." கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் போட்டிருந்தது.

பையைக் கீழே போட்டாள். கைப்பேசி பையில். அது அவளுக்குப் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது. தாழைத் தட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு, இருட்டுக்குள் பாய்ந்தாள்.

"குட்டி! அம்மா வந்துட்டேன்டா!"

கால் மெத்தென்று எதிலோ புதைந்தது. துணி. குனிந்து தடவினாள். பாவாடை. சட்டை. தலையணை உறை. காணாமல் போன அத்தனையும், வட்டமாக, நடுவில் குழிந்து, ஒரு ஆள் சுருண்டு படுக்கும் அளவுக்குக் கூடு போலப் பரப்பியிருந்தது. குழிக்குள் கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.

அழுகை நின்றது. அறைக்குள் யாரும் இல்லை.

திரும்பினாள். வாசலில், கூடத்தின் மங்கலில், குட்டி நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் நாய். ஒரு பக்கம் பூனை. குட்டியின் ஒரு கை மேலே தூக்கியிருந்தது, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை போல. பிடித்திருந்த கை தெரிந்தது. அதற்கு மேல் கதவின் மறைவு.

"குட்டி, ஓடி வா! இங்க வா!"

குட்டி மூக்கை உறிஞ்சினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக, சத்தமில்லாமல். உயரத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், தாழ் விழுந்தது.

அவள் மோதினாள். தோளால். கையால். கத்தினாள். இப்போது சத்தம் வந்தது. தொண்டை கிழிய வந்தது. மழை அதைத் தின்றது. நகத்தால் கதவைப் பிறாண்டினாள். பெயிண்ட் உரிந்தது. பெயிண்டுக்கு அடியில் பள்ளங்கள். பழைய பள்ளங்கள், மரத்துக்குள் ஆழமாக, நெஞ்சு உயரத்தில். பூனைக்கு எட்டாத உயரம். அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றும் அந்தப் பள்ளங்களில் சரியாகப் பொருந்தின.

கூடத்தில் கைப்பேசி அடித்தது.

"அம்மா, அப்பா!" குட்டியின் குரல். துள்ளலான குரல்.

"சொல்லுங்க," என்றது இன்னொரு குரல். அவளுடைய குரல். ஆனால் அவள் ஒருநாளும் பேசியிராத இதமான குரல். "சாப்பிட்டீங்களா? … ம். … இல்லைங்க, இப்ப பயம் எல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் பழகிட்டோம்." ஒரு சிரிப்பு. மறுமுனையில் அவனும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வெகுநேரம் நீண்டது.

தரையில் படுத்தாள். கன்னத்தைத் தரையில் வைத்துச் சந்து வழியே பார்த்தாள். நாயின் பாதங்கள். குட்டியின் சின்னப் பாதங்கள். பக்கத்தில், அவளுடைய நைட்டியின் விளிம்பு.

"குட்டி… நான்தாண்டா அம்மா… கண்ணு…"

சின்ன முகம் ஒன்று சந்துக்கு வெளியே குனிந்தது. மூக்கு மட்டும் தெரிந்தது. உறிஞ்சியது. சட்டென்று பின்வாங்கியது.

"அம்மா, அது உள்ள அழுதும்மா. பாவமா இருக்கு."

"அழட்டும்," என்றது அவளுடைய குரல். "அழுது ஓஞ்சிடும். நீ கதவுகிட்ட போகக் கூடாது."

தட்டு ஒன்று சந்து வழியே வந்தது. பாலில் ஊறிய ரொட்டி. அவள் அதைத் தள்ளிவிட்டாள். பால் தரையில் ஓடிக் கன்னத்தை நனைத்தது. கத்தினாள். மறுபடியும் கத்தினாள். கம்பி ஜன்னலுக்கு வெளியே மழை விட்டது. மழை விட்ட பிறகும் யாரும் வரவில்லை. குரல் தேய்ந்தது. இழுப்பாயிற்று. வயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு நீண்ட இழுப்பு.

பிறகு அந்தக் கை வந்தது. சந்து வழியே, உள்ளங்கை மேலே பார்க்க. வழவழப்பான மணிக்கட்டு. தழும்பு இல்லை. புதுப் பெயிண்ட் அடித்தது போன்ற தோல். அதில் சுருட்டிய துணி ஒன்று. கை துணியை அவள் முகத்தருகே விரித்து வைத்தது; ஒரு நுனியால் அவள் கன்னத்தை ஒரு தரம், பதமாக, தேய்த்தது; பின்பு போய்விட்டது.

குட்டியின் கவுன். துவைக்காதது.

வேண்டாம் என்று நினைத்தாள். தொடக் கூடாது என்று நினைத்தாள். இருட்டில் அவள் கை தானாகவே நீண்டது. கவுனை நெஞ்சோடு அணைத்து, அதில் மூக்கைப் புதைத்து, வெதுவெதுப்பு இன்னும் ஆறாத அந்தக் கூட்டுக்குள் கால்களை மடக்கிச் சுருண்டாள். விசும்பல் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் யாரோ காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா," என்றது குரல், மெதுவாக, குழந்தைக்கு. "பழகிடுச்சு."